இடுப்புக்கு வாடகை

கணபதி என்கிற எங்கள் பகுதியில் சென்னியப்பன் லேத்துப் பட்டறைக்கு மேல் மாடியில் ஆட்களுக்கு எலும்பு போட்டுக்கொண்டிருந்த அந்த வருஷம் நான் அங்கேதான் வேலையில் இருந்தேன். அதனால் யார் கேட்டு வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். எழுதி வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

மாடியில் இருந்தது கேம் கம்பெனி. கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி லோகேந்திரன், அனிமேஷன் செய்கிற மதுவந்தி, அப்புறம் நான். அதற்கு முன் முப்பது வருஷம் ஜவுளிக்கடைகளுக்கு ஃபைபர் பொம்மை செய்தவன் நான். உடம்பு எங்கே மடங்கும் எங்கே மடங்காது என்பது எனக்குத் தெரியும் என்று லோகேந்திரன் கூட்டிவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் மவுஸைக் கொடுத்திருந்தான். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் சண்டை விளையாட்டுக்கு நாற்பது சிப்பாய்கள் செய்து நடக்கவைத்துத் தர வேண்டும். தீபாவளி கெடு. எந்த மென்பொருளில் செய்வது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தான்.

மூன்று மென்பொருள்கள். பெயர் எதற்கு, பிறகு தெரு வைத்த பெயரே போதும். மாதாமாதம் கட்டினால்தான் திறக்கும் என்பது ஒன்று, அது வாடகை. ஒரே தடவை விலை கொடுத்து வாங்கி ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வது இன்னொன்று, அது கிரயம். எங்கெங்கோ இருக்கிற ஆயிரம் பேர் சேர்ந்து எழுதிச் சும்மா கொடுத்தது மூன்றாவது, அது இனாம். வாடகையில் எல்லாம் பளபளவென்று தயாராக இருந்தது, நூறு வகை நடைகூட உள்ளேயே இருந்தது. கிரயம் பழசு, அதைச் செய்த கம்பெனியே கடையை மூடிவிட்டது. இனாமில் எல்லாம் உண்டு, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும். லோகேந்திரன் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி மூன்று கட்டம் போட்டு, காலையில் ஒன்றுக்கு டிக் அடிப்பான், மத்தியானம் அழிப்பான். இனாமை எடுத்துத் தொலை என்று முதல் வாரமே சொன்னேன். சும்மா வருவதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் சார் என்றான். சரி என்று விட்டுவிட்டேன். சொன்னதையே இரண்டு தடவை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கடைசியில் வாடகையை முப்பது நாள் வெள்ளோட்டம் பார்ப்பது என்று ஆயிற்று. முப்பது நாள் சும்மா ஓடும், முப்பத்தோராம் நாள் பூட்டிக்கொள்ளும்.

இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. உருவத்தைச் செய்துவிட்டால் மட்டும் அது அசையாது. உள்ளே எலும்பு வரிசை ஒன்றை வைத்து, அதோடு தோலைச் சேர்த்தால்தான் கையைத் தூக்கும், காலை எடுத்து வைக்கும். இதை எலும்பு போடுவது என்போம். தினம் நூறு தடவை சொல்கிற வார்த்தை, அதனால் எங்கே நின்று சொல்கிறோம் என்பது எங்களுக்கு நினைவிருப்பதில்லை. வெள்ளோட்டம் தொடங்கிய மறுநாள் காலையில் மதுவந்தி கீழே மயிலாத்தாளின் கூழ் வண்டியருகே நின்று, யாரிடமோ போனில், நேற்று மூன்று பேருக்கு எலும்பு போட்டாயிற்று, ஒருத்தனுக்கு இடுப்பு சரியாக உட்காரவில்லை, இன்றைக்கு உட்காரவைத்துச் சாயங்காலத்துக்குள் நடக்க வைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மயிலாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பங்கூழ் விற்கிறவள், ஐம்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் போய் ஆறு வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் டவுன் பஸ் நிற்பதற்குள் இறங்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள். பிளேட் வைத்தார்கள், சேரவில்லை, எடுத்தார்கள், அப்புறம் இனி இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை முன்னால் தள்ளித் தள்ளி, அதன்மேல் சாய்ந்து சாய்ந்து, பாலத்தருகே இருக்கிற தன் அறையிலிருந்து வண்டிக்கு வந்து சேர அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சாதாரண ஆளுக்கு அது மூன்று நிமிஷ நடை.

பத்து மணிக்குப் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். எனக்கும் ஒன்னு போட்டு உடு அம்மணி என்றாள். மதுவந்தி விளக்கினாள்: இது கம்ப்யூட்டரில் இருக்கிற பொம்மைக்குப் போடுவது, நிஜ ஆளுக்கு இல்லை. லோகேந்திரன் பலகையைக் காட்டி விளக்கினான். நான் விளக்கவில்லை. விளக்கினால் எழுந்து போகிற முகம் இல்லை அது.

"பொம்மைக்கே போடறீங்க," என்றாள் மயிலாத்தாள். "ஆளுக்குப் போட்டா என்ன கொறஞ்சு போவுது?"

மதுவந்திக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. முன்னால் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாள். ஒரு பொம்மை பண்ணிக் காட்டினால் சமாதானமாகிப் போய்விடுவாள் என்று நினைத்தாள் போல. உருவத்தை நான் செய்தேன், ஒரு மணி நேரம் ஆயிற்று, மூக்கு இவ்வளவு சப்பையா என்று மயிலாத்தாள் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் மதுவந்தி எலும்பு வரிசையைப் போட்டு, சிப்பாய்களுக்குக் கொடுத்த நடையையே அதிலும் ஏற்றி, முதுகில் தொடங்கி இடுப்புக்கு வந்து, இடுப்பு எலும்பைப் பிடித்து இழுத்து அதன் இடத்தில் வைத்தாள். டக் என்று ஒரு சத்தம், மானிட்டரிலிருந்து வரவில்லை, நாற்காலியிலிருந்து வந்தது. மயிலாத்தாள் ம் என்று ஒரு முனகல் முனகினாள், முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள், முந்தானையை உதறிச் செருகினாள், கூழ் காய்ந்து போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நாற்காலியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவதா வேண்டாமா என்று அந்த இரண்டு ஆட்களுக்கும் கொஞ்சம் குழப்பம். அவ்வளவுதான் நடந்தது.

மத்தியானத்துக்குள் படியில் வரிசை நின்றது.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறார்கள். புதிதாக ஒரு பஸ் விட்டால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான். எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும், யாருக்கு முதலில் இடம் என்ற பேச்சுதானே தவிர, எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. முழங்கால் தேய்ந்த தறிக்காரர் வந்தார், தோள்பட்டை இறங்கிப்போன சுமைக்காரர் வந்தார், பிறந்ததிலிருந்து ஒரு கால் சூம்பியிருந்த தபால்காரர் வந்தார், வலி ஒன்றும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரி போட்டுக்கொண்டாள் என்பதற்காகவே ஒருத்தி வந்தாள், அவளை நான் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். சிப்பாய்கள் மூன்றோடு நின்றுபோனார்கள்.

எலும்பு மட்டும் போட்டால் நடை வராது. நடையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். வாடகைக்குள் தயாராக இருந்த நூறு நடைகளில் வெள்ளோட்டத்தில் எங்களுக்குத் திறந்திருந்தது ஒன்றே ஒன்று, அது சிப்பாய் நடை. ஆகவே நாற்பத்தொரு பேரும் சிப்பாய் நடை நடந்தார்கள். கை இரண்டும் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி ஒன்றைப் பிடித்த மாதிரி, நெஞ்சு முன்னால் தள்ளி, மயிலாத்தாள் தலையில் கூழ்ப்பானையோடு வண்டிக்கு வந்தாள், தறிக்காரர் தூக்குவாளியோடு வந்தார், தபால்காரர் கதவைத் தட்டும்போது வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒரு கணம் யோசித்துத்தான் திறந்தார்கள். நின்றால் இன்னொரு கூத்து. விளையாட்டில் பாத்திரம் சும்மா நிற்கும்போது செத்தது மாதிரி தெரியக் கூடாது என்பதற்காக எட்டு விநாடிக்கு ஒரு முறை கால் மாற்றும், இடப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்கும், ஒரு பெருமூச்சு விடும். ரேஷன் கடை வரிசையில் பதினைந்து பேர் ஒன்றாகக் கால் மாற்றி, ஒன்றாக இடமும் வலமும் பார்த்து, ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள். கடைக்காரர் முதல் நாள் தன்னைத்தான் குறை சொல்கிறார்கள் என்று நினைத்து எடையைச் சரியாகப் போட்டார். அதற்குப் பிறகும் அப்படியே போட வேண்டியதாகிவிட்டது.

சென்னியப்பன் மட்டும் முணுமுணுத்தார். பட்டறை முதலாளி, கட்டிடத்துக்கும் அவர்தான் முதலாளி. அவருடைய லேத்து ஆள் ஒருவன் எலும்பு போட்டுக்கொண்டபின் எட்டு விநாடிக்கு ஒரு தடவை கால் மாற்றியதில் உளி ஒரு நூல் விலகி, பம்ப் ஷாஃப்ட் எல்லாம் கழிவில் போயிற்று. மேலே ஏறி வந்து என்னிடம் சத்தம் போட்டார். நாலு நாளில் அவரே எட்டு விநாடிக்குத் தக்கபடி வெட்டை மாற்றிவைத்து, ஷாஃப்ட் முன்னைவிட ஒழுங்காக வருகிறது என்று, யாரும் கேட்காமலே, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதற்கு நடுவில் மானிட்டரின் மூலையில் ஓர் எண் குறைந்துகொண்டே வந்தது. பத்தொன்பது நாள். பதினான்கு நாள். வருகிறவர்கள் எல்லாம் முதலில் அந்த மூலையைப் பார்த்தார்கள். அது என்ன எண் என்று மதுவந்தி ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டாள். பூட்டிக்கொண்டால் எங்கள் கதி என்ன என்று தபால்காரர் கேட்டார். தெரியவில்லை என்றாள். லோகேந்திரன் வேறு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து இன்னொரு முப்பது நாள் வாங்கப் பார்த்தான். அதே மெஷின்தானே என்று அது கண்டுபிடித்துவிட்டது.

பலகையில் மூன்று கட்டமும் இப்போது தெருவின் கட்டங்களாகிவிட்டன. கூழ் வண்டியில், சலூனில், பேருந்து நிறுத்தத்தில் எல்லாம் இதே பேச்சு. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள் வாடகையில் தோல் நன்றாகச் சேருகிறது என்றும், கிரயத்தில் முழங்கால் ஒரே பக்கம்தான் மடங்குமாம் என்றும் பேசினார்கள். முழங்கால் ஒரே பக்கம்தான் மடங்கும், எதில் போட்டாலும். போகட்டும்.

கிரயத்தையும் பார்த்துவிடுவோம் என்று சென்னியப்பன் தன் அண்ணனைக் கூட்டிவந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர், மெதுவான குணம். பழைய சிடித் தட்டு ஒன்றை எங்கேயோ தேடி வாங்கி, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி, அவருக்கு எலும்பு போட்டோம். எழுந்தார், நடந்தார், மரக்கால் நடைதான், ஆனாலும் நடை. படியிறங்கி வாசல் கேட்டைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இழுத்தோம், எழுந்தார். வெளியே விட்டோம், உட்கார்ந்தார். ஒரே மெஷினுக்குத்தான் உரிமை என்று அந்தத் தட்டின் உறையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது, கட்டிடத்தை விட்டு அது வரவில்லை. அன்றையிலிருந்து அவரைத் தினமும் காலையில் ஆட்டோவில் கொண்டுவந்து கேட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். எங்கள் வராந்தாவில் பதினொரு மணி வரைக்கும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். திரும்ப ஆட்டோவில் தூக்கி ஏற்றுவார்கள். அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. நடக்கறதுக்குன்னு ஒரு எடம் இருக்குதுங்களே, அது போதும் என்பார்.

ஆறு நாள் இருக்கும்போது பட்டறையில் கூட்டம் போட்டார்கள். மெஷின்களை நிறுத்திவிட்டு, இரும்புச் சுருள்களை ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டு எல்லோரும் நின்றார்கள். எட்டு விநாடிக்கு ஒரு தடவை கூட்டம் முழுக்கக் கால் மாற்றியது. சென்னியப்பன் பேசினார். வாடகையே எடுத்துவிடலாம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் மாதா மாதம் கட்டிவிடலாம், தண்ணீர் வரி கட்டவில்லையா, கேபிள் கட்டவில்லையா, அது மாதிரி இது ஒன்று. நியாயமாகத்தான் இருந்தது. தலைகள் ஆடின. லோகேந்திரனுக்கு முகம் தெளிந்தது, வேறு யாராவது முடிவு செய்துவிட்டால் அவனுக்கு அது போதும்.

மயிலாத்தாள் பின்னால் இருந்து முன்னால் வந்தாள்.

"முப்பது வருசத்துல பதினாலு வாடகை வூடு மாறியிருக்கறனுங்க," என்றாள். "போன்னா போவோணும். மேல ஏத்துனா ஏத்துனதைக் குடுக்கோணும். ஆணி அடிக்கறதுக்குக் கேக்கோணும். எல்லாம் சரி, வூடுன்னா அப்பிடித்தான். ஏனுங், இடுப்புக்குமா வாடகை?"

கூட்டம் ஒரு தடவை கால் மாற்றியது. சென்னியப்பன் தான் வீட்டுக்கார ஆள் என்பதால் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்ப என்னதான் பண்றது ஆத்தா என்று தபால்காரர் கேட்டதற்கு, அவள் என் பக்கம் திரும்பி, அந்த மூணாவது ஒன்னு சொன்னாங்களே, அது யாருதுங்க என்றாள். யாருடையதும் இல்லை என்றேன். யாருதும் இல்லாட்டி யாரு காலி பண்ணச் சொல்லுவாங்க என்றாள். யாரும் இல்லை என்றேன். அப்ப அதுதான் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள், கூழ் வண்டியை ஆள் இல்லாமல் விட்டு வந்திருந்தாள்.

ஆறு மாதம் லோகேந்திரனால் முடியாதது ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் அவனுக்கு ஒரு தயக்கம் வந்தால் அது ஒரு நாளில் போகாது. இன்னொரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று பலகையை அழித்துப் புதுக் கட்டம் போட்டான். ஐந்து நாள் போட்டான்.

முப்பத்தோராம் நாள் காலையில் பதினொன்றேகாலுக்குப் பூட்டிக்கொண்டது.

உருவத்துக்கு எலும்பு போட்டு நடை கொடுப்பதற்கு முன்னால் அது எப்படி நிற்கும் என்று பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் சொல்கிறேன்: கால் சேர்த்து, இரண்டு கையும் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாற்பத்தொரு பேரும் அப்படி நின்றார்கள். தபால்காரர் ஒரு வீட்டு வாசலில் கடிதத்தை நீட்டியபடி, தறிக்காரர் சாலையின் நடுவில், லேத்து ஆள் மெஷின் முன்னால், மயிலாத்தாள் கையில் அகப்பையோடு வண்டிக்குப் பின்னால். பேச முடிந்தது, கண்ணைத் திருப்ப முடிந்தது, கையை இறக்கவோ அடி எடுத்து வைக்கவோ முடியவில்லை. தெரு கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் தறிக்காரரை இரண்டு பேர் சேர்ந்து சாய்த்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள், பஸ்ஸுக்கு வழி வேண்டுமே. வெயில் ஏறியதும் யாரோ ஒவ்வொருவர் தலையிலும் ஈரத்துண்டு போட்டார்கள். நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறதே என்று காய்கறி வாங்கி வந்த ஒருத்தி மயிலாத்தாள் கையில் பையை மாட்டிவிட்டுக் கூழ் குடித்தாள். குடிச்சவ டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் பையை எடுத்துட்டுப் போடி, நான் என்ன கொடிக்கம்பியா என்று மயிலாத்தாள் சொன்னாள். வந்தவர்கள் தாங்களே ஊற்றிக் குடித்தார்கள், மோர் மிளகாய் எங்கே என்று அவள் கண்ணால் காட்டினாள். வியாபாரம் நிற்கவில்லை.

நான் மாடியில் லோகேந்திரனின் நாற்காலியைப் பலகையிலிருந்து திருப்பினேன். அவனே எழுந்து பலகையைக் கழற்றித் தரையில் வைத்தான்.

பூட்டுவதற்கு முந்தின நாளே மதுவந்தி எல்லா உருவத்தையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதை இனாமில் ஏற்றினோம். ஏற்றியதும் கீழே தொம் தொம் என்று சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு பேரும் கை விரித்தபடி மல்லாந்து கிடந்தார்கள். விஷயம் ஒன்றும் இல்லை. வாடகைக்காரன் மேல் என்று சொல்லும் திசை வேறு, இனாம்காரன் மேல் என்று சொல்லும் திசை வேறு. ஒருவனுக்கு நிற்பது இன்னொருவனுக்குப் படுப்பது. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு. அந்தத் திசையை மாற்றுகிற பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் அவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். மழை வரும் போல இருக்குதுங் என்று தறிக்காரர் பக்கத்தில் கிடந்தவரிடம் சொன்னாராம். தொண்ணூறு பாகை திருப்பினோம். எல்லோரும் எழுந்து நின்றார்கள், வேட்டியிலும் சேலையிலும் ஒட்டிய மண்ணைத் தட்டினார்கள். கை இறங்கிவிட்டது.

ஆனால் நடை வரவில்லை. எலும்பு வந்தது, தோல் வந்தது, சிப்பாய் நடை வாடகைக்காரனுடைய சொத்து, அது அங்கேயே தங்கிவிட்டது. இனாமில் தயார் நடை எதுவும் கிடையாது. நடந்த ஆளின் படம் ஏதாவது இருந்தால், அதைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வோர் எட்டாகப் பார்த்து நாமே எடுத்துவைக்க வேண்டும்.

அவரவர் நடையைத் தேடினார்கள். தறிக்காரருக்கு மில் வாசல் கேமராவில் கிடைத்தது. சுமைக்காரருக்குத் தேர்த் திருவிழா வீடியோவில். தபால்காரருக்கு நல்ல கால் நடை என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, தம்பியின் நடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மயிலாத்தாளுக்கு எங்கும் இல்லை. அவளை யார் படம் எடுப்பார்கள். கடைசியில் தாராபுரத்திலிருக்கிற மகள், தன் கல்யாண சிடியை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினாள்.

பதினாறு வருஷத்துக்கு முந்தின சிடி. மண்டபத்து வாசலிலிருந்து மேடைக்குச் சீர்த்தட்டுகள் போகின்றன. முதல் தட்டு மயிலாத்தாளுடையது, தேங்காய் பழம் வெற்றிலை. சுற்றிலும் வீடியோக்காரர் ரோஜாப்பூ ஜோடித்திருக்கிறார், சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறார். மயிலாத்தாள் பதினொரு எட்டு நடக்கிறாள். பதினொன்றாவது எட்டில் யாரோ கூப்பிட்ட மாதிரி இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாள். அதோடு படம் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. அவள் நடந்ததற்கு இந்த உலகத்தில் இருக்கிற சாட்சி அவ்வளவுதான்.

நான் தோலுக்கு நிறம் போட்டேன். எந்த எலும்பு எவ்வளவு சதையை இழுக்க வேண்டும் என்பதை நிறத்தால் தீட்ட வேண்டும், சிவப்பு என்றால் முழுசாக இழுக்கும், நீலம் என்றால் இழுக்காது, நடுவில் பச்சையும் மஞ்சளும். வாடகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இதில் கைதான். மயிலாத்தாள் கீழே தெருவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள், மதுவந்தி எட்டு எட்டாக எடுத்துவைக்க, நான் தீட்டத் தீட்ட, அவள் நடந்து நடந்து சொன்னாள்.

"வவுறு சேந்து இழுக்குதுங்க."

நீலம் கொஞ்சம் போட்டேன்.

"இப்ப தொடை கழண்டு போற மாதிரி இருக்குது."

பச்சை.

"பொறகால கொஞ்சம் சாஸ்தி."

குறைத்தேன். இப்படி மூன்று நாள். ஜவுளிக்கடைப் பொம்மை எதுவும் என்னிடம் இத்தனை பேசியதில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் பாலம் வரை போய்த் திரும்பி வந்தாள், சிப்பாய் இல்லை, அவளேதான், இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பிய அவளுடைய பழைய நடை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நின்றவள் இன்னும் நாலு எட்டு வைத்துப் பார்த்தாள். என்னுது மாதிரித்தானுங்க இருக்குது என்றாள்.

ஒரு குறைதான். நடை பதினொரு எட்டுதான் இருந்தது. அதையே திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு பதினொன்றாவது எட்டிலும் அவள் இடது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். பாலத்திலிருந்து வண்டிக்கு வருவதற்குள் முப்பது முப்பத்தைந்து தடவை. மதுவந்தி மேலே வரச் சொல்லி மானிட்டரில் காட்டினாள். கடைசி எட்டை எடுத்துவிட்டுப் பத்தாக வைத்து ஒட்டிவிடலாம், ஒட்டு தெரியாது, திரும்புவது நின்றுவிடும் என்றாள்.

மயிலாத்தாள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஜாப்பூவுக்கு நடுவில் அந்தப் பழைய மயிலாத்தாள் நடந்தாள், திரும்பினாள். திரும்பவும் நடந்தாள், திரும்பினாள்.

"யாரு அக்கா கூப்ட்டது?" என்று மதுவந்தி கேட்டாள்.

"அவருதான். பின்னால வந்துட்டிருந்தாரு. தட்டு சாயுது மயிலு, தட்டு சாயுதுன்னு. சாயவே இல்ல."

நான் பச்சையைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"வெட்டிரட்டுங்களாக்கா?"

"இருந்துட்டுப் போவுது அம்மணி," என்றாள். "கூப்ட்டாத் திரும்பறதுதான."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மதுவந்தி அப்படியே வைத்துச் சேமித்தாள்.

நாற்பது சிப்பாய்கள் தீபாவளிக்குப் போகவில்லை. வேலை கை நழுவிற்று. லோகேந்திரன் பலகையை விற்றுவிட்டான், இப்போது இனாமிலேயே சின்னச் சின்ன வேலை வருகிறது, ஓடுகிறது. சென்னியப்பனின் அண்ணனுக்கும் இனாமில் மாற்றிக் கொடுக்கிறோம் என்று சொன்னோம், தெருவில் போகலாம், பஸ் ஏறலாம் என்றோம். எதுக்குங், இந்த வராந்தாவே பளகிப்போச்சு என்றார். எனக்கு வலது மணிக்கட்டு போய்விட்டது. நாற்பத்தொரு பேருக்கு நிறம் தீட்டினால் போகாமல் என்ன செய்யும். நீங்க ஒன்னு போட்டுக்கக் கூடாதுங்களா என்று தறிக்காரர் கேட்கிறார். அதற்கு உட்கார்ந்து தீட்டுவது யார்.

மயிலாத்தாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவதைத் தெரு ஒரு வாரம் பார்த்தது. இடது தோளுக்கு மேல் திரும்புவாள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த பதினொன்று. முதலில் யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, சலூன்காரர் என்கிறார்கள். அவர் கடைக்கு நேராக ஒரு பதினொன்றாவது எட்டு வருகிறது. கத்தரியை நிறுத்தாமல், சரியாக அவள் திரும்புகிற நேரம், மயிலாத்தா என்று கூப்பிட்டார். என்னுங் என்றாள். கூழு இருக்குதா என்றார். இருக்குது என்று போனாள். மறுநாள் சைக்கிள் கடையில் கூப்பிட்டார்கள். அப்புறம் இஸ்திரி வண்டியில். எவ்வளவு வெயில் என்று கேட்பார்கள், மகள் சௌக்கியமா என்பார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் பெயரை மட்டும் சொல்வார்கள். வாசலில் எப்போதும் யாராவது ஒருவர் இருந்தார்கள். இந்தப் பதினொன்று யாருடையது என்று அவரவருக்குத் தெரிந்துபோயிற்று. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இப்போது பாலத்திலிருந்து வண்டி வரை அவள் வெறுமனே திரும்புகிற இடம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரு பதினொன்று வருகிறது. மதுவந்தியைக் கூப்பிடச் சொன்னால் அவளுக்கு ஹெட்ஃபோன். லோகேந்திரன் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் அவள் தாண்டிவிடுவாள். ஆகவே நான். காலை எட்டேகாலுக்கு மவுஸை வைத்துவிட்டு எழுந்து போய் நிற்கிறேன். தலையில் சும்மாட்டின்மேல் கூழ்ப்பானையோடு வருவாள். எட்டு, ஒன்பது, பத்து.

"பானை சாயுது," என்கிறேன்.

திரும்பி மேலே பார்ப்பாள். ஒரு கையால் பானையைத் தொட்டுப் பார்ப்பாள்.

"சாயலைங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த எட்டை எடுத்து வைப்பாள்.